காற்றை விசாரிக்கும் கண்டக்டர்

“அங்கிட்டு காத்து எப்படி இருக்கு?” என்று கேட்ட பிறகுதான் உதயசூரியன் மீன் கூடையைத் தூக்கிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். கடலோரத்து மீமிசலில் ஏறுகிறவர்களிடம் மட்டும்தான் இந்த விசாரணை. “ஒரு எலை அசையல போங்க” என்று கூடைக்காரம்மா சொன்னால் முகம் தெளியும். “காலையிலேருந்து கெழக்கால ஒரே இழுப்பா இருக்கு கண்டக்டரே” என்று சொல்லிவிட்டால், ஆவுடையார்கோவில் வரும்வரை யாரிடமும் வாய் கொடுக்கமாட்டார்.

அறந்தாங்கிக்கும் மீமிசலுக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தில் அவர் கண்டக்டர். நான் அதில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவன். ஒல்லியான உடம்பு, தோளில் பை, மீசையில் பாதி வெளுப்பு. நிற்கிறவர்களை உள்ளே தள்ளுவதற்கு அவர் கத்துவதில்லை. “உள்ள காத்து நல்லா வருது, வாங்க வாங்க” என்பார். உள்ளே காற்றே வராது. ஆனாலும் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். செல்போனில் வானிலைச் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, காதை அதில் சாய்த்தபடியே சில்லறை கொடுப்பார். சின்னப் பையன்கள் “என்னண்ணே, புயல் டிக்கெட் எடுத்துருச்சா?” என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரிப்பதில்லை.

கஜா புயல் அன்று பேருந்துகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உதயசூரியன் அறந்தாங்கியில் மாட்டிக்கொண்டார். மீமிசல் சாலையோரத்தில் இருக்கும் அவர் வீட்டில் மனைவி மருதாயி தனியாக இருந்தார். ஓட்டு வீடு. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்து, பிறகு மொத்தமாகப் போயின. வாசல் தென்னை அடுப்படி மேல் விழுந்தது. மருதாயி இரும்புக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, அதன் காலைக் கட்டிப்பிடித்தபடி விடியும்வரை மழையில் கிடந்திருக்கிறார். விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி உதயசூரியன் வந்து சேரும்போது உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அந்த அம்மாள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கட்டிலின் காலை மட்டும் விடவில்லை.

“நான் பஸ்ஸுக்குள்ள கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு பத்திரமா ஒக்காந்திருந்தேங்க” என்பார் உதயசூரியன். அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் கடைசியில் இந்த வாக்கியத்துக்குத்தான் வந்து நிற்பார்.

மகள் கலைமதி திருச்சியில் இருக்கிறாள். அம்மாவைக் கூட்டிப்போனவள் அவள்தான். கரண்டு வரும்வரை இருக்கட்டும் என்று போன மருதாயி, பிறகு பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றார், முட்டிவலி என்றார். பொங்கலுக்கு வருவார், கோயில் திருவிழாவுக்கு வருவார். சமைப்பார், பாத்திரங்களைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்ப்பார், கணவரின் சட்டைகளைத் துவைத்து மடித்து வைப்பார். வெயில் இறங்கத் தொடங்கியதும் பையை எடுத்துவிடுவார். அந்தப் புயலுக்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அவர் அந்த வீட்டில் தங்கியதில்லை.

உதயசூரியன் வீட்டை மாற்றத் தொடங்கினார். ஓடு போன இடத்தில் காங்கிரீட் தளம் போட்டார். ஜன்னல்களுக்கு வெளியே கெட்டியான மரக்கதவு வைத்தார். மாடித் தண்ணீர்த் தொட்டியை இரும்புக் கம்பி போட்டு இறுக்கினார். வீட்டின் மேல் சாயக்கூடிய தூரத்தில் நின்ற தென்னைகளை, காய்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டினார். “அது நம்மள ஒண்ணும் பண்ணலைங்க. ஆனா அவ அண்ணாந்து அண்ணாந்து பாக்குறா” என்றார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் படம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்புவார். “நல்லாருக்கு” என்று பதில் வரும்.

வீட்டுக் காப்பீடு எடுத்ததும் அப்படித்தான். மீமிசலில் இருந்து அறந்தாங்கிக்கு வேலைக்குப் போகும் ஹம்னா என்ற பெண் காப்பீட்டு முகவர். பேருந்தில் வைத்தே அவளிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“புயலுக்கு உண்டாம்மா?”

“புயலு, வெள்ளம், இடி எல்லாத்துக்கும் உண்டு மாமா. மரம் விழுந்தாலும் உண்டு.”

“உள்ள இருக்குற சாமானுக்கு?”

“அதையும் சேத்து எடுத்துக்கலாம். டிவி, பிரிட்ஜு, பீரோ, கட்டிலு...”

“இனிமே பயமில்லன்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்குமா?”

ஹம்னா சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் போடமாட்டாங்க மாமா” என்று மெதுவாகச் சொன்னாள்.

இந்தக் கார்த்திகையில் மறுபடி ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. ஆள் மாற்றிவிட்டு உதயசூரியன் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். ஊரில் மற்றவர்கள் பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இவர் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, நடு அறையில் நின்று, மருதாயிக்கு வீடியோ கால் போட்டார். வெளியே காற்று ஊளையிட்டது. இவர் செல்போனை மேலே திருப்பித் தளத்தைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார்.

“பாரு மருதாயி, ஒண்ணாச்சும் ஆடுதா பாரு!”

“வீடு கெடக்குது வீடு! நீங்க ஏங்க உள்ள நிக்கிறீங்க?” என்று அந்த அம்மாள் அலறினாராம். “எனக்கு வீட்டைக் காட்டாதீங்க. பள்ளிக்கொடத்துக்குப் போயி அங்கேருந்து மொகத்தைக் காட்டுங்க. போங்க!”

போனார். அங்கே கூட்டத்துக்கு நடுவில் நின்று முகத்தைக் காட்டினார். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் அழுகை வந்ததாம். கஜாவுக்கு வராத அழுகை.

புயல் வலுவிழந்து கரையைக் கடந்தது. வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் விரிசல். “அதுக்கும் கேக்கலாம் மாமா, நான் எழுதித் தாரேன்” என்றாள் ஹம்னா. அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். “வேணாம்மா. ஒடஞ்சுச்சுன்னு பேச்சு வந்தா திருச்சிக்குப் போயிரும்.” கண்ணாடியை அவரே மாற்றினார்.

போன வாரம் மருதாயி வந்திருந்தார். திரும்பிப் போகும்போது எங்கள் பேருந்தில்தான் ஏறினார். வீட்டுக்கு எதிரே நிறுத்தம். எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மரமில்லாத அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பி வீடு மறைந்தது. உதயசூரியன் மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியாக மனைவியிடம் வந்து நின்றார்.

“ஏங்க, தையில காத்து இருக்காதுல்ல?” என்று கேட்டார் மருதாயி, வெளியே பார்த்தபடியே.

“தையிலயா? எங்கிட்டு இருந்து வரும்? பனிதான்.”

“ரெண்டு நாளு இருக்குற மாதிரி வரவா?”

அவர் மெஷினிலிருந்து அறந்தாங்கிக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். மருதாயி வாங்கிக்கொள்ள அதன் ஒரு முனையைப் பிடித்தார். பின்னால் இருந்து யாரோ பாக்கிச் சில்லறை கேட்டார்கள். மறு முனையை உதயசூரியன் விடவில்லை.