பாபு அண்ணனும் எங்க தெரு வொயரும்

பாபு அண்ணனை அடிச்சே கொன்னுட்டானுங்க. நேத்து சாயங்காலம்... எங்க வீட்டு வாசல்லயே.

சேலையூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருந்தாரே, அவர்தான். நிஜமான்னு கேட்டு யாரும் போன் பண்ணாதீங்க, ப்ளீஸ். பேச முடியலை. அழுகை கூட வரலை, வெறிதான் வருது.

நானும் எதிர்வீட்டு மீனாவும் சேர்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் பண்றோம்னு உங்களுக்குத் தெரியும். அவ வீட்ல ஒரு பழைய ஓட்டை கம்ப்யூட்டர், என் வீட்ல ஒண்ணு. பென்டிரைவும் கையுமா நாள் முழுக்க ரோட்டை கிராஸ் பண்ணிட்டு இருந்தோம்.

"இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு"ன்னு ரெண்டு கம்ப்யூட்டரையும் ரோட்டுக்கு மேல ஒரே வொயர்ல கோத்துவிட்டவர் பாபு அண்ணன். வைஃபை எல்லாம் இந்தக் கிழட்டுப் பொட்டிங்களுக்கு ஒத்துவராதுன்னுட்டார்.

முதல் நாள் ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்கவே இல்லை. அண்ணன் என் சிபியு மண்டையில ஓங்கி ஒரு அறை விட்டார். "எதுத்த வூட்லதானடா கீறான், பேசேன்டா!"

அப்புறம் வொயரோட ஒரு முனையை வெட்டி, உள்ள இருக்கிற கலர் கம்பிங்களை இடம் மாத்திப் போட்டார். மீனாவோட ஃபோல்டர் என் ஸ்கிரீன்ல வந்துச்சு! நாங்க கத்தின கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு.

ஒருத்தனுக்குப் பொறுக்கலை. எங்க ஏரியா கேபிள் டிவிக்காரன். இந்தத் தெருவுல என் வொயரைத் தவிர எவன் வொயரும் தொங்கக் கூடாதுன்னு வெட்டிட்டுப் போனான். அண்ணன் வந்து ஒட்டினார். மறுபடி வெட்டினான், மறுபடி ஒட்டினார்.

போன மாசம் அண்ணனை ஆள் வெச்சு அடிச்சான். உதடு கிழிஞ்சு சட்டை எல்லாம் ரத்தம். தண்ணி எடுத்துட்டு ஓடினேன், வாங்கக் கூட இல்லை. "ஃபோல்டர் தெரியுதா பாரும்மா"ன்னார்.

"விட்டுடுங்கண்ணா, எங்களுக்குப் பென்டிரைவே போதும்"னு கெஞ்சினேன். "அவன் அப்பன் வூட்டு ரோடா இது?"ன்னு ஒரு கத்து கத்தினார் பாருங்க...

நேத்து ஏணி மேல நின்னு அதே வொயரைத்தான் கட்டிட்டு இருந்தார். நாலு பேர் வந்தானுங்க. ஏணியை உருவிட்டானுங்க. கீழ விழுந்த மனுஷனை எழுந்திருக்கவே விடலை. இரும்பு ராடு. தலையிலயே...

மீனா கத்திக்கிட்டே இருந்தா. ஒரு கதவு திறக்கலை. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. நாசமா போவானுங்க.

போலீஸ் வந்து கேட்டப்ப தெருவுல ஒருத்தரும் பாக்கலையாம். எல்லாரும் சீரியல் பாத்துட்டு இருந்தாங்களாம். த்தூ!

"பாப்பா ஸ்கூலுக்குப் போற வழியிலதான் அவன் ஆபீஸ், நீ வாயைத் திறக்காத"ங்கறார் என் வீட்டுக்காரர். அவர் பயம் எனக்குப் புரியுது.

ஆனா நான் பாத்தேன். ஏணியை இழுத்தவன் அந்தக் கேபிள்காரன்தான். ராடு அவன் கையிலதான் இருந்துச்சு. நாளைக்குக் காலையில நானும் மீனாவும் ஸ்டேஷனுக்குப் போய் இதையே எழுதிக் கொடுக்கப் போறோம்.

இனிமே உங்களை எவனும் அடிக்க முடியாது பாபு அண்ணா... போயிட்டு வாங்க.