கேம் வீரனுக்குச் சந்தனப் பொட்டு

இன்று, பழைய பொம்மைகள் வாங்கி விற்கும் என் கிளிநொச்சிக் கடையில் ஒரு வீடியோ கேம் வீரன் பொம்மை வாங்கினேன்.

விற்க வந்தவன் ஜெயபுரம் ரவி. போர் முடிந்த கையோடு நான் ஜெனரேட்டரில் நடத்திய கேம் கடையில், தினமும் இதே வீரனாக விளையாடித் தோற்றவன். இப்போது மகளுக்குச் சைக்கிள் வாங்க வேண்டுமாம்.

முழங்காலை மடக்கிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. பாதத்தில் கொம்பனி முத்திரை. அசல்தான். ஆனால் நெற்றியில் பெயின்ட் போயிருந்தது.

"இதென்னடா?"

"அம்மா சாமியறையில வைச்சு வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் பூசினவா, அண்ணை. கையில வேல் இருக்கு, முருகன்ர ஆள்தான் எண்டு."

"பொட்டு வைச்சா பாதி விலைதான்ரா!"

"தெரியும், அண்ணை. அவாட்டச் சொல்லேலுமே?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஜெனரேட்டர் இரைச்சலும் காதில் கேட்டது.

பழுதில்லாத பொம்மையின் விலையான இருபதாயிரத்தையே கேட்டான், பதினெட்டுக்கு முடித்தோம். வியாபாரம் தெரிந்தவர்கள் திட்டலாம்.