ராத்திரியில் போன முக்கால் யூனிட்

1984-ஆம் வருஷம், ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை ராத்திரி இது நடந்தது. என் பெயர் அர்ஜுனன். அப்போது தானா ராத்தா என்ற மலையூரில் ஒயர்மேனாக இருந்தேன். கரண்டில் கை வைக்கிறவன் இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அன்று மீட்டரில் பார்த்த எண்களை மணியோடு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எண்கள் மாறப் போவதில்லை.

பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ரஞ்சிதம் அக்கா ஒரு சின்ன சலவைக் கடை வைத்திருந்தார். ஓட்டல்களின் மெத்தை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அங்கேதான் வரும். துவைக்கிற மெஷின் இரண்டு, காயவைக்கிற மெஷின் ஒன்று, வெந்நீர்த் தொட்டி ஒன்று, இஸ்திரிப் பெட்டி இரண்டு. புருஷன் செத்த பிறகு தனியாகவே நடத்தினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு கரண்ட் பில்லைக் காட்டினார்.

"பாரு தம்பி, மாசத்துக்கு மாசம் ஏறுதுலா. இப்படியே போனா கடைய மூடிட்டு நான் கீரை பிடுங்கத்தான் போகணும்."

இரண்டு நாள் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். தப்புகள் கண்ணெதிரே இருந்தன. வெந்நீர்த் தொட்டி நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. மலைக் குளிரில் தொட்டிச் சூடு காற்றோடு போனது. அதற்குப் பழைய கம்பளியைச் சுற்றித் தகரம் அடித்தேன். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை போட்டால் போதும் என்றேன். மெஷினில் பாதித் துணியைப் போட்டு ஓட்டாதீர்கள், நிறைந்த பிறகு ஓட்டுங்கள். துணியை இரண்டு தடவை பிழிந்துவிட்டுக் காயப்போடுங்கள். காயவைக்கிற மெஷினின் வலையில் பஞ்சு அடைத்திருந்தது, அதைத் தினமும் எடுங்கள். தேய்க்கிற துணியைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் தேயுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் பெட்டியை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டிலேயே தலையணை உறைகளை முடித்துவிடலாம்.

அடுத்த மாதம் பில் கால்வாசி இறங்கியது. அக்கா எனக்குக் கோழிக்கறி சமைத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மீட்டர் படிக்க நான் கற்றுக் கொடுத்திருந்தேன். அக்கா கடை சாத்தும்போதும் திறக்கும்போதும் எண்ணைக் குறித்து வைத்தார்.

"தம்பி, எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான் பூட்டுறேன். காலையில பார்த்தா முக்கால் யூனிட் கூட இருக்கு. தினம். எங்க போவுது?"

கடையின் பின்னறையில் அம்சவல்லி தூங்குவாள். தேய்க்கிற வேலைக்கு அவள்தான். முப்பது வயது இருக்கும், போக்கிடம் இல்லாதவள். அவள் ராத்திரியில் வெளியாள் துணியை வாங்கித் தேய்த்துக் காசு பார்க்கிறாள் என்று அக்காவுக்குச் சந்தேகம். அம்சவல்லி அழுதாள்.

"சாமி சத்தியமா நான் தொடலக்கா. ராத்திரியில தேய்க்குற ரூம் பக்கமே நான் போறதில்ல."

"ஏன் போறதில்ல?" என்று நான் கேட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிடுவதாக அக்கா சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ராத்திரி அம்சவல்லியை வெளியே அனுப்பிவிட்டு, நாம் இருவரும் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். அக்கா சம்மதித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்சவல்லி தானா ராத்தாவில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனாள். நானே ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினேன். இஸ்திரிப் பெட்டிகள் இரண்டையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை அக்கா கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

ராத்திரி மணி 10:00. மீட்டர் 7316.2. விளக்கை அணைத்தோம்.

மீட்டருக்குள் அலுமினியத் தட்டு ஒன்று சுற்றும். அதன் விளிம்பில் சிவப்புக் கோடு. அந்தக் கோடு நானூறு தடவை வந்து போனால் ஒரு யூனிட். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கோடு அசையவில்லை. வெளியே மழை. அக்கா ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தார்.

12:40-க்கு மழை நின்றது. கோடு அசையவில்லை.

1:55. தேய்க்கிற அறையில் ஒரு சத்தம். க்ர்ர்ர்... மரக்கால் சிமெண்டுத் தரையில் இழுபடுகிற மாதிரி.

"எலியா தம்பி?"

"எலியாத்தான் இருக்கும்கா."

எலி அவ்வளவு கனமாக இழுக்காது. அது எனக்குத் தெரியும்.

2:10.

சிவப்புக் கோடு நகர்ந்தது.

மெதுவாக இல்லை. ஒரே சீராக. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒன்பது விநாடிக்கு ஒரு சுற்று. மறுபடியும் எண்ணினேன். ஒன்பது.

ஒன்பது விநாடிக்கு ஒரு சுற்று என்றால் ஆயிரம் வாட். அந்தக் கடையில் ஆயிரம் வாட் இழுக்கிற பொருள் ஒன்றுதான். இஸ்திரிப் பெட்டி.

"அக்கா... சாவி?"

அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

'டிக்' என்று ஒரு சத்தம். தட்டு நின்றது. இருபது விநாடி. மறுபடியும் 'டிக்'. தட்டு சுற்றியது. சூடு ஏறியதும் தானே அணைந்து, ஆறியதும் தானே பற்றிக்கொள்ளும் பெட்டி. அதே பழக்கம்.

கஞ்சி வாசனை வந்தது. சூடான பருத்தித் துணியின் வாசனை.

தேய்க்கிற அறைக்குக் கதவு இல்லை. ஒரு திரை மட்டும். நான் திரையை விலக்கி டார்ச் அடித்தேன்.

யாரும் இல்லை.

சுவரோரம் நான் தள்ளி வைத்திருந்த முக்காலி, மேசையை ஒட்டிக் கிடந்தது.

மேசைமேல் விரித்திருந்த கம்பளியில் தண்ணீர்த் துளிகள் விழுந்தன. ச்சிக்... ச்சிக்... யாரோ விரலால் தெளிக்கிற மாதிரி.

துளிகள் மேல் ஆவி எழுந்தது.

ஆவி இடமிருந்து வலமாக நகர்ந்தது... நின்றது... திரும்பி வந்தது.

பிறகு, டொக்.

ஒரு விரற்கடை தள்ளி, டொக்.

இன்னொரு விரற்கடை தள்ளி...

டொக்.

பின்பக்கமாகவே நகர்ந்துபோய் மெயின் சுவிட்சைப் பிடித்தேன். இழுத்தால் எல்லாம் நின்றுவிடும்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ரஞ்சிதம் அக்கா.

"அணைக்காத தம்பி."

"அக்கா!"

"அணைக்காத. மடிப்பு வைக்குறா. பாதியில இருக்கும்."

அவர் முகத்தில் பயம் இல்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தேய்ச்சுக்க மாரியம்மா. நான் ஒண்ணும் சொல்லல. கரண்ட் போனா போவுதும்மா... நீ தேய்ச்சுக்க."

3:05-க்குத் தட்டு நின்றது. விடியும் வரை நாங்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. காலையில் மீட்டர் 7316.9. அலமாரியைத் திறந்து பெட்டிகளைத் தொட்டேன். இரண்டும் சில்லென்று இருந்தன.

அக்கா அப்போதுதான் சொன்னார். அம்சவல்லிக்கு முன்னால் மாரியம்மா என்றொருத்தி தேய்க்கிற வேலையில் இருந்தாள். புருஷன் இல்லாதவள். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். வேலை முடிந்ததும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுடைய பள்ளிக்கூட நீலப் பினஃபோரை இங்கேயே தேய்ப்பாள். விரிப்புக்கும் உறைக்கும் பாவாடை மாதிரி வரி வரியாக மடிப்பு கிடையாது. அந்த மேசையில் மடிப்பு வைத்துத் தேய்த்த துணி அது ஒன்றுதான்.

"என்னோட கரண்டுல உன் வீட்டுத் துணிய தேய்க்காதேன்னு சொல்லிட்டேன் தம்பி. புள்ளைய வச்சிக்கிட்டே சொன்னேன். 'சரிக்கா'ன்னு சொல்லிட்டுப் பெட்டிய வச்சிட்டா. ரெண்டு மாசத்துல வேலைய விட்டுட்டு ரிங்லெட் பக்கம் ஏதோ எஸ்டேட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் சேதி இல்ல. இப்பத்தான் தெரியுது... செத்துட்டா போல."

அன்றே அம்சவல்லியிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று ராத்திரியிலிருந்து ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து, பிளக்கையும் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். முக்கால் யூனிட் தினமும் போனது. அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

டிசம்பரில் அதே மலையில் இருக்கும் கோலா தெர்லாவில் எனக்கு ஒரு வேலை வந்தது. நாகப்பன் என்பவரின் காய்கறித் தோட்டத்தில் மோட்டார் கொட்டகைக்கு ஒயர் இழுக்க வேண்டும். மூன்றாம் நாள், கோஸ் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஒல்லியாக, நெற்றியில் எதுவும் இல்லாமல்.

"அண்ணே, என் ரூம்புல ஒரு பிளக் போட்டுக் குடுப்பீங்களா? காசு தர்றேன்."

"எதுக்கும்மா?"

"இஸ்திரிப் பெட்டி வைக்கணும். பிரிஞ்சாங்குல சலவைக் கடையில தேய்க்குற வேலை பார்த்தவதான் நான். ஒயரெல்லாம் பத்திரமா வச்சிக்குவேன்."

"உன் பேரு?"

"மாரியம்மா."

டிசம்பர் 11. காலை 10:25. நல்ல வெயில். அவள் நிழல் தரையில் விழுந்திருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவள் உயிரோடு இருக்கிறாள்! ரஞ்சிதம் அக்காவிடம் உடனே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"யாருக்குத் தேய்க்க? மகளுக்கா? எத்தனையாவது படிக்குது?"

"மூணாவது படிச்சா."

படிச்சா...

அவள் அழாமல் சொன்னாள். ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை கிடைத்தது. லயத்து வீட்டில் கரண்ட் இல்லை. கரி போட்டுச் சூடேற்றும் இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கினாள். பிள்ளை கெட்டிக்காரி, அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று தன் உடுப்பைத் தானே தேய்த்துக்கொள்ளும். மே மாதம் ஒரு ராத்திரி நல்ல குளிர். தேய்த்து முடித்துவிட்டுக் கரியைக் கொட்டவில்லை. சூட்டுக்காகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுப் படுத்துவிட்டது. கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று அதற்கு எப்படித் தெரியும்? காலை ஆறு மணிக்கு மாரியம்மா வந்தபோது எழுந்திருக்கவில்லை.

"தூங்குற மாதிரியே இருந்துச்சுண்ணே. உடுப்பு மட்டும் அழகா மடிச்சு வச்சிருந்துச்சு."

"அப்ப... இந்தப் பிளக்கு யாருக்கும்மா?"

அவள் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். அந்த நீலப் பினஃபோரை எடுத்து என் கையில் வைத்தாள். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருந்தது.

"ராத்திரி படுக்கும்போது நான் இத நல்லா கசக்கித்தான் வைப்பேன். காலையில எடுத்தா இப்படி இருக்கும். தினமும். கசக்கலேன்னா அவ வரமாட்டாளோன்னு பயம்."

நான் உடுப்பை மடிப்பு கலையாமல் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இந்தக் குளிர்ல எந்த ஊருக்குப் போயி தேய்ச்சிட்டு வர்றாளோ. யாரும் ஏசுவாங்களோ என்னமோ. இங்கயே ஒரு பிளக் இருந்தா அலைய வேண்டாம்ல?"

நான் ஒயரை இழுத்தேன். காசு வாங்கவில்லை. சுவரில் துளை போடும்போது எந்த உயரத்தில் வைக்கட்டும் என்று கேட்டேன். அவள் தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

ஒரு வாரம் கழித்து ரஞ்சிதம் அக்கா ஆள் அனுப்பினார். போனேன். அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஏழு நாளா ராத்திரியில மீட்டர் நகரவே இல்ல தம்பி. பெட்டிய மேசைமேலதான் வைக்கிறேன். மாரியம்மாவுக்கு இன்னும் என் மேல கோவமா?"

மாரியம்மா உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னால், அப்புறம் வந்தது யார் என்று கேட்பார்.

"கோவமெல்லாம் இருக்காதுக்கா," என்றேன். "பக்கத்துலயே வேற எடம் கெடச்சிருக்கும்."