இஸ்திரிச் சூட்டில் பேசிய பறை

தேவிக்கும் பிரகாஷுக்கும் அப்பா எழுதுவது. ஊரிலிருந்து மஸ்கட் திரும்பிய நாளாக நேரில் சொல்லப் பார்க்கிறேன், வாய் வரவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அம்மாவைக் கேட்டுத் திருத்திப் படியுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன்.

திருப்பதி ஓட்டலில் முதல் நாள் காலை கதவைத் தட்டினார்கள். அறை சுத்தம் செய்ய வந்த ரமணம்மா. உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார், ரூமு புடிக்கலியா? பெட்டு கசங்கவேயில்ல. எங்க படுத்துக்கினு இருந்த?"

கட்டிலில்தான் படுத்தேன். எழுந்ததும் விரிப்பை உதறி, மூலையை மடித்துச் செருகி, துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனேன். மஸ்கட்டில் பதினாறு வருஷமாக ஓட்டல் சலவைக்கூடத்தில் துணிகளோடு இருக்கிற கை அது. அதைச் சொன்னதும் ரமணம்மா சிரித்துவிட்டார். "நீயே எல்லாம் செஞ்சுட்டா நான் இன்னாத்துக்கு சம்பளம் வாங்கறது? போ சார், போய் நாஷ்டா துன்னு." அவருக்குப் புத்தூர். என் பேச்சைக் கேட்டதுமே நகரிப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

நம் சேகர் சித்தப்பா வீட்டிலிருந்தே திருப்பதி இசை விழாவுக்குப் போய்வந்திருக்கலாம். ஆனால் அங்கே மேடையேற வந்த அவனும் அவன் குழுவில் மற்ற ஐந்து பேரும் குளித்து உடை மாற்ற இடம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு ஓட்டலுக்குள் முன்வாசல் வழியாக நுழைய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மஸ்கட்டில் எங்களுக்குப் பின்வாசல்தான்.

சேகர் என்ன செய்கிறான் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "ஏதோ வேலை" என்றேன். தேவி, உன் வகுப்பில் குடும்பத் தொழிலை வரைந்து வரச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? விவசாயம் என்று சொல்லிக்கொடுத்தேன். நீ ஒரு மாந்தோப்பு வரைந்தாய். டீச்சர் மூன்று நட்சத்திரம் போட்டார். நமக்கு மாந்தோப்பு இருந்ததில்லை, அம்மா. உன் தாத்தா பறையடித்தவர். நாங்கள் மோளம் என்போம், தெலுங்கில் டப்பு. ஊரில் சாவு விழுந்தால் ஆள் விட்டு அழைப்பார்கள். அடித்து முடிக்கிறவரைக்கும் நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும், தண்ணீரும் அங்கேதான். பத்தொன்பது வயதுவரை நானும் நைனாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, பக்கத்தில் நின்று அடித்தேன். அதை விட்டு ஓடுவதற்காகத்தான் விமானம் ஏறினேன். சேகர் ஓடவில்லை.

அந்த மோளத்தை முதல்முறையாக ஒரு மேடைக்கு அழைத்திருந்தார்கள். ஓட்டலுக்கு எதிரே பெரிய மைதானம், திறந்தவெளி இசை விழா. ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிற இடம். சேகருக்கு மாலை ஐந்தரை மணி. நல்லபடி அடித்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். சொதப்பினால் மறுபடி சாவு வீடுதான் என்று போனிலேயே சொல்லியிருந்தான்.

அன்று மத்தியானம் குழு பஸ்ஸில் வந்து இறங்கியது. வழியெல்லாம் மழை. ஓட்டல் வாசல் காவலாளி மோளங்களைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்து, "எவரு போயாரு?" என்றார். யார் செத்துப்போனார்கள் என்று கேட்கிறார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சேகர் மட்டும் சிரித்தான்.

"எவரூ போலேதன்னா, மேமே ஒச்சாம்." யாரும் போகவில்லை, நாங்கள்தான் வந்திருக்கிறோம்.

ஆள்கள் வரலாம், மோளம் கூடாது என்றார் காவலாளி. மோளத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே வர ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நேரே மைதானத்துக்குப் போனோம். அங்கே வேறு தொல்லை. மோளத்தை நெருப்பில் காட்டித் தோலை இறுக்கினால்தான் சத்தம் வரும். ஒரு கை வைக்கோல் போதும். மேடை அமைத்தவர்களோ ஜெனரேட்டர், துணிப்பந்தல் எல்லாம் இருப்பதால் தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். சேகர் ஒரு அடி அடித்துக் காட்டினான். ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருந்தது.

"மழையில ஊறிப்போச்சுண்ணா. நெருப்பு காட்டாம எப்டி அடிக்கிறது? ஊட்டுக்குப் போய்டலாம் வா."

அவன் குரலில் அழுகை இருந்தது. எனக்கு அப்போதுதான் அந்த ஓட்டலின் பின்வாசல் ஞாபகத்துக்கு வந்தது. எந்த ஓட்டலிலும் சலவைக்கூடம் பின்பக்கம்தான் இருக்கும். ரமணம்மாவைத் தேடிப் பிடித்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "மேனேஜரு துன்ட்டு தூங்கறான். அர மணி நேரந்தான், சீக்கிரம்" என்று சலவைக்கூடத்தின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

இஸ்திரி மேஜையில் மோளத்தை வைத்து, மேலே உலர்ந்த துண்டை விரித்து, இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாண்ணா, தோலு வெந்துடும்!"

"ஆவிய நிறுத்திட்டேன்டா. பட்டுப்பொடவையையே கருக்காம எடுக்கிறவன் நான். கைய எடு."

துண்டு தாங்கும் சூட்டில், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நிற்காமல் தேய்த்தேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். மூன்றாவது மோளத்தில் கணீர் என்று வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ரமணம்மா "அய்யோ, மெதுவா!" என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆறும் முடிந்ததும் சூடு ஆறாமல் கம்பளியில் சுற்றிக்கொடுத்தார். கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினோம்.

மேடையில் முதல் அடி விழுந்தபோது வெளிச்சம் இருந்தது. எதிரே மலை தெரிந்தது. முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சேகர் உங்கள் தாத்தாவின் அடியைத்தான் அடித்தான். அதே அடிக்கு அழுகிற சனத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறி ஆடினாள், அவள் அம்மா இறக்கிவிடவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்களுக்காக யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற பெரியவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மீ வாள்ளா?" உங்கள் ஆட்களா?

மஸ்கட்டில் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள், அவ்வளவுதான் என்று நழுவியிருப்பேன்.

"மா வாள்ளே. என் தம்பி. அது எங்க நைனா அடிச்ச அடி. நானும் அடிச்சிருக்கேன்" என்றேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதுதான் நான் சொல்ல நினைத்தது. தேவி, மாந்தோப்பு படத்துக்காக அப்பாவை மன்னித்துவிடு. யாராவது கேட்டால் இனி நீங்கள் உள்ளதைச் சொல்லலாம். பிரகாஷ், விரும்பினால் லீவில் சித்தப்பாவிடம் கற்றுக்கொள். விரும்பாவிட்டாலும் சரி.

இங்கே திரும்பிய மறுநாள் வேலைக்குச் சீக்கிரமே போனேன். எங்கள் உடை மாற்றும் அறையில் எல்லோரும் சாமி படம், பிள்ளைகள் படம் எதுவானாலும் அலமாரிக் கதவின் உட்பக்கம்தான் ஒட்டுவார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் இல்லை. மேடையில் சேகர் மோளத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்கிற படத்தை எடுத்து, என் அலமாரியின் வெளிப்பக்கம், என் பெயரும் ஊழியர் எண்ணும் உள்ள தகட்டுக்குக் கீழே வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். பிறகு சீருடையை மாட்டிக்கொண்டு, துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.