அக்கா நடத்திய கணக்கு வகுப்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவரது நற்குணங்களை அறிவீர்கள். அவருக்கு நடந்ததையும் எழுத, தம்பியாகிய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் பிறந்தது நேமத்தான்பட்டியில். வாய்ப்பாடு தவறினால் அப்பா அவரை வெயிலில் முட்டி போட வைப்பார். அந்தப் பயத்தோடே படித்து, காரைக்குடிப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் கணித விரிவுரையாளரானார். என்னைப் படிக்க வைத்தவரும் அவரே.

தொடக்கப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போக வேண்டிய பயிற்சி மாணவியரே பின்னத்தைக் கண்டு நடுங்கினார்கள். சிங்கம்புணரி மாணவி ஒருவர், "அரைய விடக் கால்தான் பெருசு மேடம், கீழ நாலு இருக்குல்ல" என்றாராம். அக்கா திட்டவில்லை. அன்று முதல் பாடத்தைப் போனில் பதிவுசெய்து முந்தைய நாளே அனுப்பினார். அதை வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் தாயக்கட்டை, சீட்டுக்கட்டு, தரையில் வரைந்த பாண்டிக் கட்டம். மூன்றே மாதத்தில் அந்தப் பெண் மற்றவர்களுக்குப் பின்னம் சொல்லித்தந்தார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"விளையாடத்தான் சம்பளம் வாங்குறீகளா? பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க, பாப்போம்."

ஐந்துக்கு மேல் அக்காவுக்கு வரவில்லை. மாணவியர் சிரித்தார்கள். யாரோ எடுத்த வீடியோ மாலைக்குள் பரவியது. எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டவன் நான்.

"நீதான் போட்டியாப்பா?" என்று அக்கா கேட்டார்.

"ஊரே பாத்துருச்சுக்கா. நான் போட்டா என்ன?"

அவர் எனக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனார்.

வகுப்பைப் பறித்து, வருகைப் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். மார்பில் கட்டி இருந்ததை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. தெரியவந்தபோது மருத்துவம் கைவிட்டுவிட்டது.

சிங்கம்புணரிப் பெண் இப்போது ஆசிரியை. விடுப்பு போட்டு மருத்துவமனைக்கு வந்து, தம் வகுப்புப் பிள்ளைகள் பாண்டியாடிக் கணக்குப் போடும் வீடியோவை அக்காவிடம் காட்டியிருக்கிறார். அக்கா சொன்னதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்: "அத அழிச்சுரும்மா. பாத்தா உன்னயும் நிக்க வச்சுருவாக."

செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், தூரம் பாராமல் வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி ஒன்பது நாளும் அக்காவுக்கு வாய் துடைத்து, தலைவாரி விட்ட அந்த ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான் தினமும் மருத்துவமனை வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை.