மாடே இல்லாதவரின் பால்

டிசம்பர் விடுமுறையில் தஞ்சாவூர் உள்ளூர் சேனல் ஒன்றில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டியதும் கால் தரையில் பாவவில்லை!

முதல் வேலையே விவசாயிகளிடம் போனில் பேசி மழைச் செய்தி எழுதுவது. குடவாசல் பக்கத்து விவசாயி ஒருவர், "எல்லாம் பால் கட்டுற நேரம்மா. இப்பப் போயி மழை விடாம பேஞ்சா என்னத்துக்கு ஆவுறது?" என்றார். கடைத்தெருவில், அத்தாவின் ஃபேன்சி ஸ்டோரில் வளர்ந்த எனக்குப் பால் என்றால் மாடுதான். விறுவிறுவென்று அடித்தேன்: 'தொடர் மழையால் மாடுகளுக்கு மடியில் பால் கட்டியது. விவசாயிகள் கவலை.'

செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "சூப்பர்! அவர்ட்ட எத்தனை மாடுன்னு கேட்டுச் சேத்துடுங்க" என்றார். மறுபடி போன் செய்தேன்.

"எங்கிட்ட மாடே இல்லையேம்மா! நான் நெல்லத்தானே சொன்னேன். கதிர்ல பால் புடிச்சாத்தானே அரிசி ஆவும்?"

பதறியடித்து மாற்றி எழுதினேன். மாலைச் செய்தியில் வாசிப்பாளர் என் வரிகளை வாசித்தபோது, அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சந்தோஷத்தில் கத்திவிட்டேன்!

அன்றிலிருந்து "எதைச் சொல்றீங்க?" என்று கேட்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை. மறுநாள் அந்த விவசாயியே போன் செய்தார்: "செய்தி பாத்தேன்மா, நல்லாருந்துச்சு. மாடுதான் உங்களக் கேட்டதாச் சொல்லச் சொல்லுச்சு!"

- ஆயிஷா, தஞ்சாவூர்