மலர்விழியின் பழைய சிஸ்டம்

சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மலர்விழி பிரௌசிங் சென்டர் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் கடை வாசலில் மேஜை போட்டு மனு எழுதிப் பிழைப்பவன் நான். அவளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

எரிச்சல் அவளுடைய சிஸ்டத்தின் மேல். கடை திறந்த அன்று வாங்கியது. அதிலிருக்கும் பிரௌசர், 'நான் பழசாகிவிட்டேன், புதுப்பியுங்கள்' என்று தினமும் மஞ்சள் பட்டையில் கெஞ்சும். அவள் பெருக்கல் குறியைத் தட்டி அதன் வாயை அடைப்பாள்.

"புச்சு போட்டா பிரிண்டர் படுத்துக்கும் சார். ஓடிக்கினு இருக்கிற வண்டிய எதுக்கு நோண்டணும்?"

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குச் சாதிச் சான்று, உதவித்தொகை எல்லாம் விண்ணப்பித்துத் தருவது அவள்தான். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கைக்கு வந்ததைத் தட்டுவாள். நினைவில் வைத்துக்கொள்ளவா என்று பிரௌசர் கேட்கும், ஆமாம் என்பாள். யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டாள். "அவங்க தொலைச்சிடுவாங்க சார். எங்கிட்ட இருந்தா பத்திரம்" என்பாள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, மலைமேல் கரியாலூரிலிருந்து காசிநாதன் தன் மகள் எழில்மதியோடு வந்தார். பெண்ணுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. மாலை ஐந்துக்குள் இணையத்தில் சம்மதம் கொடுக்காவிட்டால் சீட் வேறொருவருக்குப் போய்விடும். அப்போதே மணி நாலு. வழியில் பஸ் பஞ்சர்.

மலர்விழி இணையத்தில் பெண்ணின் கணக்குக்குள் நுழைந்துவிட்டாள். கடைசிப் பக்கத்தில் 'சம்மதம்' பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இருபது தடவை அழுத்தியிருப்பாள். பொத்தான் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

பிரிண்ட் எடுக்க வந்திருந்த சுபஸ்ரீ, கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பவள், எட்டிப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பக்கம் புது பிரௌசர்லதான் வேலை செய்யும். இந்தாங்க, என் லேப்டாப்புல திறங்க. பாஸ்வேர்டு இன்னா?"

மலர்விழி தன் பழைய சிஸ்டத்தைக் காட்டினாள். "தெரியாதும்மா. அதுக்குத்தான் தெரியும்."

அதில் பாஸ்வேர்டு கட்டத்துக்குள் வெறும் கறுப்புப் புள்ளிகள். புது பாஸ்வேர்டு கேட்டால் ரகசிய எண் காசிநாதனின் போனுக்கு வரும். போன் வீட்டில், வீடு மலைமேல். இரண்டு மணி நேரப் பயணம்.

"ஐயோ, போச்சா?" என்றார் காசிநாதன். எழில்மதி துப்பட்டா நுனியை மென்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

சுபஸ்ரீ பழைய சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து ஒரு விசையைத் தட்டினாள். திரையின் பாதியில் பொடி எழுத்துகளாகக் கொட்டியது. "வெப்சைட் செய்யறவங்க தப்பு பாக்கிற டூல் சார் இது. எல்லா பிரௌசர்லயும் இருக்கும்" என்றாள். ஒரே ஒரு சொல்லை அழித்து வேறொன்றைத் தட்டினாள். புள்ளிகள் எழுத்துகளாகிவிட்டன. அவற்றைப் பார்த்து லேப்டாப்பில் தட்டி உள்ளே போனாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சம்மதம் போய்ச் சேர்ந்தது. காசிநாதன் யாரையென்று இல்லாமல் கும்பிட்டார். நான் டீ சொன்னேன்.

மலர்விழி மட்டும் டீயைத் தொடவில்லை. "இது யாரு வேணா செய்யலாமா?" என்று கேட்டாள்.

"இங்க வந்து குந்தறவங்க யாரு வேணா செய்யலாம்க்கா. ரெண்டு நிமிஷம் போதும்."

பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மலைக்காரர்கள் அறுநூறு பேருக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் பாஸ்வேர்டாக இருக்கிறார்கள். அவள் எழுந்து மானிட்டரை அணைத்தாள். பிறகு காசிநாதனிடமே சொன்னாள்: "அண்ணே, உங்க ஊரு சமாச்சாரம் எல்லாத்தையும் கதவில்லாத வூட்டுல வெச்சிருந்தேன். என் தப்புதான். ஒவ்வொருத்தரையா வரச்சொல்லுங்க, பாஸ்வேர்ட மாத்திக் குடுத்துடறேன்."

"அட வுடும்மா. உன்ன நம்பாம யார நம்பறது?" என்றார் அவர்.

"மொதல்ல உங்க பொண்ணுது" என்று மலர்விழி லேப்டாப் பக்கம் கையை நீட்டினாள்.

அதற்குள் எழில்மதி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, நானே போட்டுக்கறேன். நீங்க கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோங்க."

காசிநாதன் பதறிப்போனார். "ஏ புள்ள, அக்காவப் பாத்து இன்னா பேச்சு இது?"

"அது சொல்றது சரிதான்ணே" என்று மலர்விழி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.